காணாக்கடி: நிழல் யாருக்குச் சொந்தம்?

நம் ஊர்ப் பக்கம் ‘காணாக்கடி’ என்று ஒரு சொல் உண்டு. எது கடித்தது என்று தெரியாமல் உடம்பில் திட்டுத் திட்டாகத் தடித்து அரிப்பெடுத்தால் அதற்கு அந்தப் பெயர். பூச்சியா, பூரானா, செடியா, ஒன்றும் தெரியாது. வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். யாராவது மந்திரித்து விடுவார்கள். சில மணி நேரத்தில் தடிப்பு தானாக அடங்கிவிடும். மறுநாள் வேலைக்குப் போனால் மறுபடி வரும்.

சிலரைக் கடிப்பது வெயில். வெயில் பட்ட ஐந்து, பத்து நிமிடங்களில் தோல் தடிக்கிறது, எரிகிறது, நமைக்கிறது. நிழலுக்கு வந்தால் சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைந்துவிடுகிறது. மருத்துவத்தில் இதற்கு ‘சோலார் அர்ட்டிகேரியா’ என்று பெயர். வெயில் காணாக்கடி என்று நாம் சொல்லலாம். 1904-லேயே மருத்துவர்கள் இதை எழுதிவைத்துவிட்டார்கள். இதற்கு அவர்கள் தரும் முதல் ஆலோசனை அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றுதான்: வெயிலில் போகாதீர்கள்.

தோழர்களே, இந்த ஆலோசனையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. வெயிலில் போகாமல் இருப்பது யாரால் முடியும்? நடவு நடுகிறவரால் முடியுமா? செங்கல் அறுக்கிறவரால், தெருக் கூட்டுகிறவரால், சாலையில் தார் ஊற்றுகிறவரால் முடியுமா? மருத்துவர் எழுதித் தரும் அந்த ஒற்றை வரி, நிழலில் வேலை செய்கிறவருக்கு மருந்து. வெயிலில் வேலை செய்கிறவருக்கு அது கூலி இழப்பு. இந்த நாட்டில் யார் நிழலில் இருக்கிறார், யார் வெயிலில் நிற்கிறார் என்பதைச் சாதி பெருமளவுக்குத் தீர்மானித்து வைத்திருக்கிறது. அதனால் வெயில் அரிப்பு என்பது தோல் மருத்துவரின் அறைக்குள் முடிந்துவிடும் விஷயம் இல்லை. நம் அரசியலில் அதற்கு இடம் உண்டு என்பதே எங்கள் வாதம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. ஆனால் நம் மக்களின் உடம்பைப் பற்றி நாம் படிக்காமல் இருக்க முடியாது.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இருக்கிறது, தெரியாத புற ஊதாக் கதிர்களும் இருக்கின்றன. வெயில் காணாக்கடி உள்ளவரின் தோலில் இவற்றில் ஏதோ ஒன்று படும்போது, அங்குள்ள ஒரு பொருள் மாறி, உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணிவிடுகிறது என்பது மருத்துவர்களின் விளக்கம். உடனே தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தடிப்பும் அரிப்பும் அதனால் வருபவை. சிலருக்குப் புற ஊதாக் கதிரால் வரும். பலருக்குச் சாதாரண ஒளியே போதும். அப்படிப்பட்டவருக்கு வழக்கமான சன்ஸ்கிரீன் பெரிதாக உதவாது. ஜன்னல் கண்ணாடியும் முழுக்கக் காப்பாற்றாது. மெல்லிய வெள்ளைத் துணி வழியாகவும் ஒளி உள்ளே போகும்.

இன்னொரு விசித்திரம். தினமும் வெயில் படும் முகத்திலும் புறங்கையிலும் பல நேரம் தடிப்பு வராது. வழக்கமாகத் துணி மூடியிருக்கும் முதுகு, மேல்கை, இடுப்பு திடீரென்று வெயிலில் பட்டால் அங்கே வரும். குனிந்து நடவு நடும் பெண்ணுக்கு ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் வெயில் விழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். “முகத்தில் வராத வெயில் இடுப்பில் மட்டும் வருமா?” என்று கேட்டு அவர் சொல்வதை நம்பாமல் போனால், அந்த நோயின் குணமே அதுதான் என்று நாம் சொல்ல வேண்டும்.

உடம்பில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் வெயிலில் பட்டால் தலைசுற்றல், மூச்சிரைப்பு, மயக்கம் வரைக்கும் போகலாம். அது அரிதாகவே நடக்கும். ஆனால் நடக்கும்போது உயிருக்கு ஆபத்து.

“இது அரிய நோயாயிற்றே, இதற்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்கலாம். வெயில் காணாக்கடி அரிதுதான். ஆனால் வெயிலால் வரும் அரிப்புகள் ஒரு பெரிய குடும்பம்.

வெயில் பட்டுச் சில மணி நேரம் கழித்துச் சிறு சிறு பருக்களாகக் கிளம்பி நாள்கணக்கில் நிற்கும் ஒரு வகை உண்டு. இது முந்தையதைவிட மிகவும் பரவலானது. நம் தோலில் இது பிடரியிலும் முன்கையிலும் வெளிறிய புள்ளிகளாக வரும். தேமல் என்று நினைத்து விட்டுவிடுவோம். உடம்பு சூடேறி வியர்க்கும்போது ஊசி குத்துவது போலக் குத்தி, சின்னச் சின்னத் தடிப்பாக வருவது இன்னொரு வகை. அதற்குக் காரணம் ஒளி அல்ல, சூடும் வியர்வையும். காற்றுப் புகாத செயற்கை நூல் மேலங்கியை மாட்டிக்கொண்டு நண்பகலில் வேலை செய்கிறவருக்கு அது கூடும்.

பார்த்தீனியம் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டு, இன்று நாடு முழுக்க வரப்பிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கிறது. அதன் பூந்தூளும் காய்ந்த செடியின் தூசும் பட்டு முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் தோல் தடித்துக் கருத்துப் போகும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் சிலருக்கு வெயிலே ஆகாத தோலாக மாறிவிடும். அந்தச் செடியை வெறும் கையால் பிடுங்குகிறவர்கள் யார்? களையெடுக்கும் கூலிப் பெண்கள்.

மருந்தாலும் வரும். வெள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை, வெயில் பட்டால் தோலை எரிய வைக்கக் கூடியது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடும் அப்படியே. ஒரு தூய்மைப் பணியாளருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது “வெயிலில் கவனம்” என்று ஒரு வார்த்தை சொல்லப்படுகிறதா? சொன்னாலும், கவனமாக இருக்க அவருக்கு எந்த நிழல் கொடுக்கப்பட்டிருக்கிறது?

கடைசியாக, வெயில் பட்டால் முகத்தில் சிவந்து தடிப்பது லூபஸ் என்ற நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கூடவே மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல், தீராத சோர்வு இருந்தால், குறிப்பாக இளம் பெண்களுக்கு, கட்டாயம் இரத்தப் பரிசோதனை வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய் அது. “வெயில் அலர்ஜிதானே” என்று விட்டுவிடக் கூடாது.

ஆக, ‘வெயில் அரிப்பு’ என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக வெயிலிலிருந்து விலகி நிற்கச் சொல்வார்கள்.

யார் விலக முடியும் என்ற கேள்விக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் விவசாயக் கூலிகள். பட்டியல் சாதி உழைப்பாளர்களை மட்டும் எடுத்தால் அது ஏறத்தாழ 46 சதவீதம். நிலம் வைத்திருப்பவர் வரப்பில் குடை பிடித்து நிற்கலாம், வீட்டிலிருந்து மேற்பார்வை பார்க்கலாம். கூலிக்காரர் நிற்க வேண்டிய இடம் வயல்தான். அர்பித் ஷா, தீபக் மல்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அரசின் உழைப்புப் படைத் தரவுகளையும் வெப்ப அலைத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்து ‘டெமோகிராபி’ ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் வெளி வெப்பத்தைத் தாங்குவதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பங்கு மற்றவர்களைவிட அதிகம் என்பது அவர்கள் கண்டது. நமக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் எண்ணாகக் கையில் இருக்கும்போது வாதம் பலப்படுகிறது.

1936-இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதிய அண்ணல் அம்பேத்கர், சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைத்திருக்கிறது என்று விளக்கினார். அந்த அடுக்கின் மேல்தட்டில் கூரை இருக்கிறது. கீழே வரவர வானம்தான் கூரை.

“வெயில் எல்லோர் மேலும் ஒரே மாதிரிதானே விழுகிறது, இதிலுமா சாதி?” என்று வகுப்பில் உங்களிடம் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லுங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் ‘இந்தியாவில் சாதி’ என்ற நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின.

இப்போது ஒரு தோல் மருத்துவரின் ஆலோசனைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். கால் மூடும் உடை உடுத்துங்கள். குடை பிடியுங்கள். செருப்பு அணியுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள்.

இரண்டு பட்டியலும் ஒன்றே. மருத்துவம் எதையெல்லாம் போடச் சொல்கிறதோ, அதையெல்லாம் சாதி போடாதே என்றது. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா? உடம்பை வெயிலுக்குத் திறந்து வைப்பதே அடிமைத்தனத்தின் அடையாளமாக இருந்தது. நிலக்காரர் எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டச் சொன்னதும், செருப்பைக் கையில் எடுக்கச் சொன்னதும் அதே சட்டத்தின் வேறு பிரிவுகள். இன்றும் பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், அந்தத் தடைகள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெண்கள் இதற்குச் சொந்தமாக ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். வயலுக்கும் கட்டட வேலைக்கும் போகும்போது புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மருத்துவரும் சொல்லித் தராமல் அவர்களே செய்துகொண்ட வெயில் காப்பு அது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட சட்டை அது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்த பொய், “கறுப்புத் தோல் வெயிலைத் தாங்கும்” என்பது. கருமை நிறத்தைத் தரும் மெலனின் வெயிலில் தோல் வெந்து போவதையும் தோல் புற்றுநோயையும் ஓரளவு தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் காணாக்கடியையும் மருந்தால் வரும் எரிச்சலையும் பார்த்தீனியத்தையும் அது தடுக்காது. “உங்களுக்கு வெயில் பழக்கம்தானே” என்று நம்மிடம் சொல்கிறவர் தோலைப் பற்றிப் பேசவில்லை, நம் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இதில் மருத்துவப் படிப்புக்கும் பங்கு உண்டு. தோல் வெயிலுக்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்று வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வெள்ளைத் தோலை வைத்து உருவானது. பழுப்பு, கருப்புத் தோல்கள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. தடிப்பு என்றால் ‘சிவப்பு’ என்றே பாடநூல்கள் சொல்கின்றன. நம் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருத்தோ சாம்பல் பூத்தோ, சில நேரம் வெறும் வீக்கமாகவோ இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் தவறவிடலாம், கையால் தொட்டுப் பார்த்தால்தான் மேடு தெரியும். இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கருப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படி இருக்கும் என்று ஏன் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை என்று கேட்டு, 2020-இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ‘மைண்ட் த கேப்’ என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். ஒரு மாணவரின் கேள்வியிலிருந்து பிறந்த புத்தகம் அது. நம் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னோம். இந்த நாட்டில் அந்த இடத்தில்தான் சிக்கல். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவம் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா 2010-இல் செய்த ஆய்வு, தொடாமல் பார்ப்பதும் தொடாமல் மருந்து தருவதும் எப்படி நடக்கிறது என்று காட்டியது. மற்ற நோய்களையாவது கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கலாம். தோல் நோயைத் தொடாமல் எப்படிப் பார்ப்பது?

தொடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. குடியிருப்பு எது என்று கேட்டதும் “தினமும் குளிக்கிறீங்களா?” என்ற கேள்வி வருகிறது. வேறு இடத்தில் ‘அலர்ஜி’ எனப்படுவது சேரியில் ‘சொறி’ ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கையைச் சொறிந்தால் பக்கத்துப் பிள்ளையை நகர்த்தி உட்கார வைக்கிறார்கள். வெயில் காணாக்கடி ஒட்டாது. வியர்வைத் தடிப்பும் ஒட்டாது. ஆனால் ‘ஒட்டிக்கொள்ளும்’ என்ற பயம் தீண்டாமைக்குப் புதுச் சட்டை மாட்டிவிடுகிறது.

விளைவு என்ன? சிரங்கு மருந்தைப் பூசிப் பூசி ஓய்ந்தவர்கள், மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். முதல் வாரம் அரிப்பு நிற்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, முன்பைவிட மோசமாகும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் ஒன்றிய அரசு விதியை இறுக்கியது. கடைகளில் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

சரியான மருத்துவரைப் பார்த்தாலும் பிரச்சினை முடிவதில்லை. முதல் மருந்து ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை. அதில் பழைய வகை தூக்கத்தை வரவழைக்கும். சாரத்தில் ஏறி நிற்கும் கொத்தனாருக்கும், கதிர் அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கும், இருசக்கர வண்டியில் உணவு கொண்டுபோகும் இளைஞருக்கும் தூக்கம் வந்தால் என்ன ஆகும்? தூக்கம் குறைவாக வரும் புதிய வகை மாத்திரைகள் உண்டு, விலையும் அதிகமில்லை. “நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா?” என்று நாம் சொல்லாமல் மருத்துவர் கேட்பதில்லை என்பதால் தவறானது கைக்கு வந்துவிடுகிறது. ஓமாலிசுமாப் என்ற ஊசி சிலருக்கு நல்ல பலன் தருகிறது. ஒரு ஊசியின் விலை ஆயிரக்கணக்கில். வெயிலில் நிற்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்கிறது சன்ஸ்கிரீன் குழாய். கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அது எத்தனை நாள் வரும்?

அரசு என்ன செய்கிறது? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இது தேவையான அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் வெயில் ஒருவரைக் கொன்ற பிறகுதான் அரசின் கணக்குக்குள் வருகிறது. இருபது வருடம் அவரது தோலை அரித்துத் தின்றபோது அது கணக்கில் இல்லை.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலுள்ள தொழில்சார் நோய்களின் பட்டியலில், பௌதிக, வேதி, உயிரியல் காரணிகளால் வரும் தோல் நோய்களும் உண்டு. ஆனால் அந்தக் கதவு முதலாளி யார் என்று காட்ட முடிகிறவருக்குத்தான் திறக்கும். இன்று ஒரு வயல், நாளை வேறொரு மேஸ்திரி என்று போகும் தினக்கூலிக்கு யாரை முதலாளி என்று காட்டுவது?

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைத் தளத்தில் குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று தன் இரண்டாம் அட்டவணையிலேயே எழுதிவைத்தது. அந்த நிழலை எத்தனை ஏரிக்கரையில் பார்த்திருக்கிறீர்கள்? நிழல் வரவில்லை, கைப்பேசிச் செயலி வந்தது. வேலையாட்களை நிறுத்தி நாளுக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். காலையில் சீக்கிரம் வந்து வேலையை முடித்த அம்மாவும் இரண்டாவது படத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். வெயிலில் நின்றதற்குச் சாட்சியம் கேட்கிறது அரசு. நிழல் தந்ததற்குச் சாட்சியம் கேட்க ஆள் இல்லை.

செய்ய முடியாத காரியமா இது? பக்கத்தில் கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆணை போடுகிறது. நம் ஊர் இளைஞர்கள் கட்டட வேலைக்குப் போகும் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. அங்கே அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கேள்வி. சட்டமாகவாவது எழுதியிருக்கிறார்கள். வேலை செய்யும்போது உலகில் 160 கோடிப் பேர் சூரியனின் புற ஊதாக் கதிருக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் சொன்னது. இதைத் தனி மனிதரின் ‘அலர்ஜி’ என்று ஒதுக்க முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. கோடை மாதங்களில் நண்பகல் வேலைத் தடை, கூலி குறையாமல். கூலி குறைத்துத் தரும் ஓய்வு ஓய்வே அல்ல, அது தண்டனை. வேலைத் திட்டத்தின் பெயர் எதுவானாலும், தளத்தில் நிழற்பந்தல் இல்லை என்றால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குப் பருத்தியில் முழுக்கை உடுப்பு, அகல விளிம்புத் தொப்பி. வெயில் ஆகாது என்று மருத்துவச் சான்று உள்ளவருக்கு வேலையை இழக்காமல் நிழல் வேலைக்கு மாறும் உரிமை. நல வாரியங்களில் தோல் நோய்க்கும் உதவித்தொகை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தூக்கம் தராத மாத்திரை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். நோயாளியின் தொழில் என்ன, எத்தனை மணி நேரம் வெயிலில் இருக்கிறார் என்ற கேள்வி சீட்டிலேயே அச்சடிக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, கோரிக்கை வைப்பதற்கு முன்பே நீங்கள் செய்யக் கூடியது நிறைய உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீட்டில் யாருக்காவது இப்படி அரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் இதை நோயாக நினைத்துச் சொல்லவே மாட்டார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிடும் என்பதால் வந்த உடனே கைப்பேசியில் படம் எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அது எப்போது மறைகிறது என்று நேரம் குறியுங்கள். வெயிலில் போய் எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்தச் செடி, எந்த மருந்து, எந்த உடை என்று எழுதிவையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கூடப் போங்கள். “தொட்டுப் பாருங்கள் டாக்டர்” என்று சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்தால் பார்வையே மாறும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சிரைத்தால், மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்தக் குறிப்புகளை வீணாக்காதீர்கள். உங்கள் தெருவில் பத்து பேரிடம் கேட்டு எழுதினால் அது ஒரு ஆவணம். யார் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறார்கள், எங்கே நிழல் இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதிக் கிராம சபையில் வையுங்கள். ஊரில் யாருக்கு அரிக்கிறது என்று இதுவரை யாரும் எண்ணவில்லை. எண்ணாத வரைக்கும் அது ‘காணாக்கடி’யாகவே இருக்கும். கடித்தது எது என்று நாம் காட்டிவிட்டால் அந்தப் பெயர் பொருந்தாது.

1930-இல் குடை பிடித்தால் குடிசையைக் கொளுத்தினார்கள். அதையும் மீறிக் குடை பிடித்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்கள் குடையைத் தங்கள் கையால் பிடித்தார்கள். நாம் வேலைத் தளத்துக்கு ஒரு பந்தலைக் கேட்கிறோம். அதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேட்போம்.

ஜெய்பீம்.